லேத் அப்ரண்டிஸைச் சோதிக்கும்போது, அவர் அளந்து எழுதியதையும் பாருங்கள்

டர்னர் (லேத் என்னும் கடைசல் மெஷினில் வேலை செய்பவர்), மெஷினிஸ்ட் தொழிற்பழகுநர்களுக்கு நடக்கும் செய்முறைத் தேர்வுகளுக்கு மதிப்பீட்டாளராகப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். அம்பத்தூரானாலும் கோவையானாலும் ஓசூரானாலும் தேர்வு நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். டிராயிங் கொடுக்கிறோம், மெட்டீரியல் கொடுக்கிறோம், நேரம் குறிக்கிறோம். முடித்த ஜாபை, அதாவது கடைந்த துண்டை, துடைத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார்கள். மைக்ரோமீட்டரை வைத்துப் பார்க்கிறோம். அளவு எல்லைக்குள் இருந்தால் மார்க் உண்டு, வெளியே போயிருந்தால் கிடையாது.

இதில் ஒரு கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். தான் கடைந்த ஜாபின் அளவு என்ன என்று அந்தப் பையனுக்குத் தெரியுமா?

நான் மதிப்பிடும் இடங்களில் டிராயிங்குடன் ஒரு தாளும் கொடுக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு அளவுக்கும் நேராக இரண்டு கட்டங்கள். ஜாபை ஒப்படைக்கும் முன் அவரே அளந்து முதல் கட்டத்தில் எழுத வேண்டும். நான் அளப்பது இரண்டாவது கட்டத்தில். இவ்வளவுதான் ஏற்பாடு. செலவு கிடையாது, கூடுதலாகப் பத்து நிமிடம் பிடிக்கும். ஆனால் முழுத் தேர்வும் சொல்லாத விஷயத்தை அந்தத் தாள் சொல்லிவிடும்.

உதாரணத்துக்கு, ஒரு பம்ப் ஷாஃப்டில் 25 மி.மீ. விட்டம், h7 (அளவு எவ்வளவு குறையலாம் என்பதற்கான குறியீடு). அதாவது 25.000-லிருந்து 24.979 வரை இருக்கலாம். இரண்டு பேருடைய ஜாபும் 24.96 வந்திருக்கிறது. இரண்டும் ரிஜெக்ட்தான். ஒருவர் தன் கட்டத்தில் 24.96 என்றே எழுதியிருக்கிறார். இன்னொருவர் 24.99 என்று எழுதிவிட்டு, "அளவு கரெக்டா இருக்குங்க சார்" என்று நம்பிக்கையோடு நிற்கிறார். வழக்கமான முறையில் இரண்டு பேருக்கும் அந்த அளவுக்குப் பூஜ்யம், கதை முடிந்தது. ஆனால் நாளைக்கு ஷாப்பில் என்ன நடக்கும்? முதலாமவர் அந்தத் துண்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு சூப்பர்வைசரைக் கூப்பிடுவார். இரண்டாமவர் அதே மாதிரி ஒரு டிரே நிறையக் கடைந்து அசெம்பிளிக்கு அனுப்பிவிடுவார். அங்கே புல்லி ஆட்டம் கொடுக்கும், கீ அடிபடும், எங்கே தவறு என்று தேடுவதற்குள் பம்ப் வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். இந்த இருவரையும் ஒரே தட்டில் வைக்கும் தேர்வை நல்ல தேர்வு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் அளவுக்குத் தனி மார்க், அளந்த சரித்தன்மைக்குத் தனி மார்க் என்று பிரித்துவிடுகிறேன்.

இரண்டு கட்டங்களுக்கும் நடுவே வித்தியாசம் வந்தால் உடனே மார்க்கைக் கழித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டாம். "தம்பி, எப்படி அளந்தீங்க, என் முன்னாடி ஒருதடவை அளந்து காட்டுங்க" என்று கேளுங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். சிலர் மைக்ரோமீட்டரின் ராட்சட்டை (அழுத்தம் மிஞ்சாமல் வழுக்கிவிடும் நுனித் திருகு) விட்டுவிட்டுத் திம்பிளையே (அளவுக் கோடுள்ள உருளை) திருகி, சி-கிளாம்ப் மாதிரி இறுக்குவார்கள். அப்படி இறுக்கினால் அளவு குறைந்து தெரியும். சிலர் எடுத்தவுடன் அளப்பார்கள். இரண்டு முகங்களையும் துடைத்து மூடி, ஜீரோ சரியாக நிற்கிறதா என்று பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்டெப்பின் ஓரத்தில் இருக்கும் பிசிறை எடுக்காமல் அதன்மேலேயே வைப்பவர்கள் உண்டு. 0.02 மி.மீ.-க்குக் கீழே காட்டாத வெர்னியரை வைத்து 0.021 மி.மீ. டாலரன்ஸை (அனுமதித்த அளவு வித்தியாசத்தை)த் தீர்மானிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த இடத்துக்கு வெர்னியர் ஆகாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சூடு இன்னொரு காரணம். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நன்றாக வேலை தெரிந்தவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். ஸ்டீல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 11.5 மைக்ரான் (0.0115 மி.மீ.) நீளும். 50 மி.மீ. விட்டமுள்ள ஜாப், கையிலிருக்கும் மைக்ரோமீட்டரைவிட 25 டிகிரி சூடாக இருந்தால் அளவு 0.014 மி.மீ. பெரிதாகத் தெரியும். அந்த விட்டத்துக்கு h7 டாலரன்ஸே 0.025 தான். பாதிக்கு மேல் சூட்டிலேயே போய்விடுகிறது. "சார், மே மாசத்துல நம்ம ஷெட்டே கொதிக்குதே, அளக்கறதுக்குச் சொல்ற 20 டிகிரிக்கு எங்க போறது" என்று கேட்பார்கள். ஷெட் சூடாக இருப்பது இங்கே பெரிய பிரச்சினை இல்லை. ஜாபும் ஸ்டீல், மைக்ரோமீட்டரும் ஸ்டீல், இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தேதான் நீண்டிருக்கும். லேத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய ஜாப் மைக்ரோமீட்டரைவிடச் சூடாக இருப்பதுதான் பிரச்சினை. கூலன்ட் விட்டு, கொஞ்சம் ஆறவிட்டு அளக்கிற பையனைப் பார்த்தால் அந்தப் பழக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு நல்ல இன்ஸ்ட்ரக்டர் அவருக்குக் கிடைத்திருக்கிறார்.

அளவுத் தாளுக்கு அடுத்து நான் கவனிப்பது ஃபினிஷிங் கட், அதாவது ஜாபைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் கடைசி வெட்டு. தேர்வுக்கூடத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் இது தெரியாது. லேத்துகளுக்கு நடுவே நடக்க வேண்டும். 25 மி.மீ. வேண்டிய இடத்தில் இப்போது 25.40 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அனுபவம் இல்லாதவர் டயலில் 0.40-ஐ ஒரேயடியாகக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அல்லது பயந்து பயந்து 0.05, 0.05 ஆக எடுத்து, கடைசியில் 0.02 மிச்சம் வைத்து மாட்டிக்கொள்வார். அவ்வளவு மெல்லிய கட்டில் டூல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்துத் தேய்த்துத் திடீரென்று ஒரு இடத்தில் கடித்துவிடும். வேலை தெரிந்தவர் 0.20 எடுப்பார், நிறுத்துவார், அளப்பார். 25.20 வர வேண்டிய இடத்தில் 25.22 வந்திருந்தால், டூல் அந்த அளவுக்குத் தள்ளிக்கொடுத்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, அடுத்த கட்டை ஏறக்குறைய அதே ஆழத்தில் அந்தத் திருத்தத்தோடு கொடுப்பார். ஒரே மாதிரி இரண்டு கட், ஒரே மாதிரி டூல் அழுத்தம். அளவு வந்து விழும்.

அந்த நேரத்தில் கையையும் பாருங்கள். டூலை முன்னும் பின்னும் நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் டயலை ஒரு கோடு தாண்டிவிட்டால், அந்த ஒரு கோட்டை மட்டும் பின்னால் திருப்புகிறாரா, அல்லது நன்றாகப் பின்னால் போய் ஸ்க்ரூவின் ஆட்டத்தை எடுத்துவிட்டு மறுபடி முன்னால் வந்து நிறுத்துகிறாரா? முதல் விதத்தில் டயல் நகரும், டூல் நகராது. அந்த லேத்தின் டயல் விட்டத்தைக் காட்டுகிறதா, ஆரத்தைக் காட்டுகிறதா என்று வேலை தொடங்கும் முன்பே பார்த்துக்கொண்டாரா? பழைய லேத்துகளில் இரண்டு வகையும் இருக்கின்றன. தெரியாத மெஷினில் நிற்கிற பையன் இதை முதலில் சோதித்துப் பார்த்தால் அதற்கே தனியாக மார்க் கொடுக்கலாம்.

பாதுகாப்பில் பேரம் கிடையாது. சக் கீயைச் சக்கிலேயே (ஜாபைப் பிடிக்கும் பிடியிலேயே) விட்டுவிட்டு விலகினால், ஓடும் ஸ்பிண்டிலில் (ஜாபைச் சுழற்றும் தண்டில்) அளக்கப் போனால், வெட்டி வரும் உலோகச் சுருளைக் கையால் இழுத்தால், கிளவுஸ் போட்டுக்கொண்டு லேத்தில் நின்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மணிக்கட்டில் கட்டிய சாமிக்கயிறு, மோதிரம், தளர்ந்த முழுக்கைச் சட்டை, கட்டாத பின்னல், துப்பட்டா எல்லாம் மெஷினை ஸ்டார்ட் செய்யும் முன் பார்க்க வேண்டியவை. கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் மனம் வருந்துவார்கள். பக்குவமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். "பத்திரமா பையில வச்சுக்கோங்க தம்பி, முடிஞ்சதும் கட்டிக்கலாம்" என்றால் போதும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வரையறை கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அவர் அப்போதுதான் போட்ட த்ரெட்டை (திருகு மரையை)க் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். M16, அதாவது 16 மி.மீ. விட்டமுள்ள த்ரெட், பிட்ச் (இரண்டு மரைகளுக்கு நடுவே உள்ள தூரம்) 2 மி.மீ. டூலை நீளவாக்கில் நகர்த்தும் லேத்தின் லீட் ஸ்க்ரூ 6 மி.மீ. பிட்ச். ஒவ்வொரு கட்டுக்கும் ஹாஃப் நட்டை (லீட் ஸ்க்ரூவோடு டூலை இணைக்கும் பிடி) எந்த இடத்தில் போட்டீர்கள்? 6-ஐ 2 மீதியில்லாமல் வகுக்கும், அதனால் எங்கே போட்டாலும் டூல் அதே தடத்தில் வரும். சரி, இதே லேத்தில் M20 போட்டால்? பிட்ச் 2.5, மீதியில்லாமல் வகுக்காது. எந்த இடத்தில் போடலாம் என்று காட்டும் த்ரெட் சேசிங் டயலைப் பார்த்துப் போட வேண்டும், அல்லது ஹாஃப் நட்டைத் திறக்காமலே ஸ்பிண்டிலை ரிவர்ஸில் ஓட்டிப் பின்னால் வர வேண்டும். இந்தக் கேள்விக்கு மனப்பாடப் பதில் இல்லை. உண்மையிலேயே த்ரெட் போட்டவருக்குத்தான் வரும். பதில் தடுமாறினாலும் பரவாயில்லை, லேத்தைக் காட்டி விளக்கத் தெரிந்தாலே போதும். நன்றாக வேலை தெரிந்து, வாய் திறந்து சொல்லத் தெரியாத பிள்ளைகள் நம் ஊர்ப் பட்டறைகளில் நிறைய.

மதிப்பீட்டாளர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லோருடைய ஜாபையும் ஒரே மைக்ரோமீட்டரால் அளங்கள். தொடங்கும் முன் கேஜ் பிளாக்கில் (துல்லியமான அளவுள்ள கட்டையில்) வைத்துச் சரிபாருங்கள். துளையைச் சோதிக்கும் பிளக் கேஜின் கோ பக்கம் (நுழைய வேண்டிய பக்கம்) தன் எடையிலேயே இறங்க வேண்டும். அழுத்தித் திணித்துவிட்டு "போகுது" என்று எழுதக் கூடாது. த்ரெட்டுக்கும் அப்படித்தான், கடை நட் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு விடாமல் ரிங் கேஜை (த்ரெட்டைச் சோதிக்கும் வளையத்தை) உபயோகியுங்கள். மெட்டீரியலைக் கொடுக்கும்போதே முகத்தில் அடையாளம் பஞ்ச் செய்யுங்கள். அந்த முகம் ஃபேசிங்கில் (முனையைக் கடைந்து சமமாக்குவதில்) போகும் என்றால் மறுமுகத்தில் செய்யுங்கள். ஒரு இடத்தில் முன்பே கடைந்து வைத்த ஜாப்கள் தேர்வு மேசைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அங்கே உண்மையாக உழைத்த பிள்ளைகளின் முகம் எனக்கு மறக்கவில்லை. அவர்களுடைய சான்றிதழின் மதிப்பையும் சேர்த்துத்தான் அந்த ஜாப்கள் கெடுத்தன.

இனி, எனக்கு மிகவும் கவலையளிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தேர்வில் தோற்கும் பையன்களில் பலர் சோம்பேறிகள் இல்லை. வருடம் முழுக்க நின்று வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரே சி.என்.சி. மெஷினில் (கணினி கட்டுப்படுத்தும் மெஷினில்) ஜாபை மாட்டுவது, பட்டனை அழுத்துவது, கழற்றுவது, இதை மட்டுமே செய்திருக்கிறார்கள். டூலை கிரைண்ட் செய்ததில்லை, நாலு ஜா சக்கில் டயல் வைத்து சென்டர் பிடித்ததில்லை. ஜாபின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் விலகியிருந்தால் டேப்பர் (ஒரு பக்கம் சரிந்து மெலிவது) விழும் என்பதைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவரைத் திடீரென்று கையால் ஓட்டும் சென்டர் லேத் முன்னால் நிறுத்திச் சோதித்தால் அங்கே தோற்பது அவரா, அவரைப் பயிற்றுவிக்க ஒப்புக்கொண்ட நிறுவனமா?

1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்று 18-வது பிரிவு சொல்கிறது. பயிற்சி கொடுப்பது முதலாளியின் கடமை என்கிறது 11-வது பிரிவு. ஒவ்வொருவருடைய பயிற்சி முன்னேற்றத்துக்கும் பதிவேடு வைக்கச் சொல்கிறது 19-வது பிரிவு. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்பது 2019-ல் திருத்திய விதி. ஆள் எடுப்பதை எல்லோரும் கணக்காகச் செய்துவிடுகிறார்கள். பதிவேடுதான் பல இடங்களில் தேர்வுக்கு முந்தின வாரம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் நிரப்பப்படுகிறது. அதைத் திறந்து பார்த்தவுடனே தெரிந்துவிடும். எண்ணெய்க் கறை ஒன்றுகூட இருக்காது.

மதிப்பீட்டாளர் இதைத் தன் அறிக்கையில் எழுத வேண்டும். "சென்டர் லேத்தில் பயிற்சி கொடுக்கப்படவில்லை" என்று ஒரு வரி. தோற்ற பையன்மேல் விழும் பழியை அது ஓரளவாவது சரியான இடத்துக்கு மாற்றும்.

புரொடக்ஷன் நெருக்கடி எனக்குத் தெரியாதது இல்லை. டெலிவரி தேதி கழுத்தைப் பிடிக்கும்போது பயிற்சிக்கு மெஷினை ஒதுக்குவது கஷ்டம்தான். ஆனால் அநேகமாக எல்லாப் பட்டறையிலும் ஒரு மூலையில் பழைய லேத் ஒன்று சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. சாக்கை எடுத்துவிட்டு ஸ்லைடுக்கு எண்ணெய் விடுங்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அப்ரண்டிஸ்களை அங்கே விடுங்கள். ஸ்கிராப்பிலிருந்து ஒரு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராட் போதும். முதல் வாரம் ஃபேசிங், ஸ்டெப் டர்னிங். பிறகு டேப்பர், பிறகு த்ரெட். ரிட்டயர் ஆன டர்னர் யாராவது பக்கத்துத் தெருவிலேயே இருப்பார், கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார். ஒவ்வொரு ஜாபுக்கும் அந்த இரண்டு கட்டத் தாளை எழுதவைத்துப் பதிவேட்டிலேயே ஒட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால், யார் தேறிவருகிறார், யாருக்கு இன்னும் கூட நின்று சொல்லித்தர வேண்டும் என்பது தேர்வு வருவதற்கு வெகு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.