மாரி மழைக்கு முன் மண்ணில் என்ன மிச்சம் இருக்கிறது?

நெல்லுக்கு அடுத்து வேறு பயிர் செய்தால் சூழலுக்கு நல்லது என்று பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்கிறோம். அது பாதிக் கதைதான் என்பது ஒரு விவசாயப் போதனாசிரியராக என் கவலை.

தண்ணீர் நிற்கும் வயல் மண்ணுக்குள் காற்றுப் போகாது. அங்கே வைக்கோலும் பழைய வேர்களும் அழுகும்போது நுண்ணுயிர்கள் மீதேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பங்கு நெற்பயிரின் உள்ளே இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலே வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் மீதேன், காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சேனநாயக்க சமுத்திரத்தின் தண்ணீர் பாயும் அம்பாறை வயல்களில் இரண்டு போகமும் நெல் செய்பவர்கள் அதிகம். அங்கே சிறுபோகத்தில் பயறோ கௌபியோ கச்சானோ போட்டால் அந்த மாதங்களில் மீதேன் கிட்டத்தட்ட நின்றுவிடும். இதுவரை சரி.

சிக்கல் அப்புறம்தான். காற்றோட்டமுள்ள மண்ணில் போடும் யூரியா நைத்திரேற்று என்ற நைதரசன் உப்பாக மாறும். சோளனுக்கும் மிளகாய்க்கும் அள்ளிப் போட்டதில் பயிர் எடுத்தது போக மிச்சம் மண்ணிலேயே கிடக்கும். ஐப்பசி மழையில் மண் நனைந்து காற்றுக் குறைந்ததும் நுண்ணுயிர்கள் அதை உடைக்க, நைத்திரசு ஒட்சைட்டு கிளம்புகிறது. அதன் வெப்பமூட்டும் வலு காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு. நூறு வருடத்துக்கு மேல் வளிமண்டலத்தில் நிற்கும். அதாவது மீதேனைக் குறைத்துவிட்டு இன்னொரு வாயுவை ஏற்றிவிட முடியும். பணம் கொடுத்து வாங்கிய பசளைதான் அப்படிப் போகிறது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது எங்கள் விவசாயிகள் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. அதனால் “யூரியாவைக் குறையுங்கள்” என்றாலே முகம் மாறுகிறது. அதில் நியாயம் இருக்கிறது. நான் கேட்பது பசளையை விடச் சொல்லி அல்ல. பயறும் கௌபியும் வேர்முடிச்சில் நைதரசனைத் தாங்களே பிடிக்கும். அவற்றுக்கு யூரியா தாராளமாகத் தேவையில்லை. அவற்றின் இலையும் வேரும் மண்ணில் மடிந்தால், அடுத்த நெல் வளரும்போது இடும் மேற்கட்டுப் பசளையில் அந்த நைதரசனைக் கழித்துக்கொள்ளலாம். எவ்வளவு கழிப்பது என்பதற்கு நெல் இலையின் நிறத்தை, பச்சை நிறப் படிகள் அச்சிட்ட இலை நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேர் பிடிக்காத இளம் நெல்லுக்கு யூரியா வீசுவது வாயுவுக்குத் தீனி போடுவதே.

வைக்கோலை எரிக்க வேண்டாம். விதைப்புக்கு முன் அவசரமாகப் புதைக்கவும் வேண்டாம். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் மீதேன் கணக்கு முறையில், வெள்ளம் கட்டுவதற்கு 30 நாளுக்கு மேல் முன்னரே மண்ணில் சேர்த்த வைக்கோலின் எடையில் மூன்றில் ஒன்றுக்கும் குறைவாகவே கணக்கில் எடுக்கிறார்கள். கடைசி நேரத்தில் சேர்த்ததற்கோ முழு எடையும் கணக்கில் வரும். களிமண் காய்ந்து கட்டிபட்டால் கலப்பை இறங்காது. அறுவடை ஈரம் இருக்கும்போதே மடக்கி உழுதுவிடுங்கள். தண்ணீரை இடையிடையே வடியவிடுவதும் மீதேனை ஏறத்தாழப் பாதியாக்கும். ஆனால் மாரியில் பள்ள வயல்களில் அதற்கு வழியில்லை.

உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் தண்ணீர் எட்டாத, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்வெளிகளில் தடை வேறு. பெரும்போகம் அறுத்ததும் மாடுகள் இறங்கிவிடும். தனி ஒருவர் மண்ணில் எஞ்சிய ஈரத்தை நம்பிப் பயறு தூவினால் ஒரு செடியும் மிஞ்சாது. ஒரு கண்டத்து (அடுத்தடுத்த வயல் தொகுதி) விவசாயிகளாவது சேர்ந்து விதைத்து, மாடுகளுக்கு மேய்ச்சல் இடத்தையும் போகம் தொடங்குமுன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்திலேயே பேசி ஒதுக்கினால்தான் பயிர் மாற்றம் அங்கே நடக்கும்.