அப்பாரு பேரில்தான் இன்னும் வீட்டு வரி கட்டுகிறீர்களா?

எங்கள் வார்டில் ஓர் ஆத்தா இருக்கிறார். ஏப்ரல் பிறந்த முதல் வாரமே நகராட்சிக்குப் போய் வீட்டு வரியைக் கட்டிவிடுவார். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. அவருக்குக் கிடைப்பது சில பத்து ரூபாய்தான். ஆனாலும் விடமாட்டார். ஒன்பது வருச ரசீதையும் ஒரு மஞ்சப்பையில் அடுக்கி வைத்திருக்கிறார். அத்தனையும் ஒன்பது வருசத்துக்கு முன்னால் தவறிப்போன அவர் வீட்டுக்காரர் பேரில்.

போன தை மாதம் பேரன் வீட்டை ஒட்டியிருக்கும் தறிக்குடோனின் கரண்ட் இணைப்பைத் தன் பேருக்கு மாற்றப் போனான். வரி ரசீதைப் புரட்டிப் பார்த்த அலுவலர், "இதில் பேர் இருக்கிறவரைக் கூட்டிக்கொண்டு வாங்க" என்றிருக்கிறார். ஆத்தா நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஏனம்மிணி, அவரைக் கூட்டியார நான் சுடுகாட்டுக்கா போகட்டும்?"

2022 பிப்ரவரி தேர்தலில் கவுன்சிலராக ஜெயித்து வந்தபோது சாக்கடை, தெருவிளக்கு, தண்ணீர் என்றுதான் மனு வரும் என நினைத்தேன். அதுவும் வருகிறது. ஆனால் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் வீட்டு வரியில் இந்தப் பெயர் மாற்றத்துக்காக வருகிறவர்கள்தான். அதனால் இந்த முறை ரோடு போட்ட கதையெல்லாம் எழுதவில்லை.

சட்டம் என்னவென்றால், 1998-ஆம் வருசத்து நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் 2023-இல் வந்த அதன் விதிகளும். வரி வருசத்துக்கு இரண்டு தவணை, ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. சொத்து கைமாறினாலோ உரிமையாளர் இறந்தாலோ நகராட்சிக்குத் தெரிவித்துப் பேரை மாற்றிக்கொள்ள வேண்டும். சட்டம் இவ்வளவு போதும்.

சிக்கல் எங்கே என்றால், செத்தவர் பேரில் பணம் கட்டினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கவுண்டரில் வாங்கிக்கொள்வார்கள், ஆன்லைனிலும் வாங்கிக்கொள்ளும். ரசீது வருகிறதே, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நாமும் இருந்துவிடுகிறோம். பேங்க் லோன், கட்டட அனுமதி, கரண்ட் இணைப்பு என்று ஏதாவது ஒன்றுக்குப் போய் நிற்கும்போதுதான் குட்டு உடைகிறது. அதற்குள் வாரிசுகளில் ஒருவர் இறந்திருப்பார், இன்னொருவர் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருப்பார்.

இன்னொரு நினைப்பையும் இங்கேயே முடித்துவிடலாம். "பத்து வருசமா நான்தான் வரி கட்டறேன், அதனால வீடு எனக்குத்தான்" என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வருகிறது. வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. உங்கள் பேரில் ரசீது இருந்தால் வீடு உங்களுடையதாகிவிடாது, அண்ணன் பேரில் இருப்பதால் உங்கள் பங்கு போய்விடவும் செய்யாது.

சரி, எங்கே ஆரம்பிப்பது? இறப்புச் சான்றிதழில். அங்கேயே பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். உயிர் எங்கே போனதோ அந்த ஊரில்தான் இறப்பு பதிவாகும். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இறந்தவருக்கு நம் நகராட்சியில் வந்து சான்று கேட்டால் கிடைக்காது. இது தெரியாமல் மூன்று நடை நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நடையிலேயே யாராவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அப்புறம் பேர். ஆஸ்பத்திரியில் பதிவு போடும்போது பதற்றத்தில் பக்கத்தில் நிற்கிற சொந்தக்காரர் எதையோ சொல்லிவிடுவார். கிரையப் பத்திரத்தில் பழனிச்சாமிக் கவுண்டர், ஆதாரில் பழனிசாமி, இறப்புச் சான்றில் பழனியப்பன். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. துக்க வீட்டில் சொல்லக் கூடாததுதான், ஆனாலும் சொல்கிறேன்: ஆதார் நகலைக் கையில் கொடுத்து, அதைப் பார்த்தே பேரை எழுதச் சொல்லுங்கள். அப்பா பேர், முகவரி எல்லாவற்றையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் அபராதம், அனுமதி என்று நீளும். ஒரு வருசம் தாண்டினால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ் வரைக்கும் அலைச்சல்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். தாசில்தார் கொடுப்பது, இ-சேவை மையத்தில் மனுப் போட வேண்டும், கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் யாராவது கேட்டால் அது கட்டணம் இல்லை. இதில் மறைக்கிற வேலை வேண்டாம். நம் பக்கத்தில், "பிள்ளைக்கு நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பிட்டோமே, அவ பேரு எதுக்கு?" என்று மகள் பேரை விட்டுவிட்டு மனுப் போடுகிறார்கள். சீர் வேறு, சொத்து வேறு. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோரும் சம வாரிசு. இறந்தவரின் அம்மா உயிரோடு இருந்தால் அவரும் வாரிசுதான். இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து மகள் பேர் வந்துவிட்டால் மனு தள்ளுபடிதான், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

வாரிசுச் சான்றோடு போனால் எல்லா வாரிசுகள் பேரையும் சேர்த்துத்தான் வரியை மாற்றிக்கொள்ள முடியும். ஒருவர் பேருக்கு மட்டும் வேண்டுமென்றால் மற்றவர்கள் பதிவு அலுவலகத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இருபது ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வந்து நீட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது செல்லாது. குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில்தான் இந்த உச்சவரம்புகளை ஏற்றினார்கள். பழைய 25,000, 4,000 கணக்கை வைத்துக்கொண்டு போய்த் திண்டாடாதீர்கள். தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த அக்காவை ஒரு கையெழுத்துக்காக மட்டும் வரச் சொல்லாதீர்கள். என்ன பத்திரம், எதை விட்டுக்கொடுக்கிறார் என்று விளக்கிச் சொல்லிவிட்டு வாங்குங்கள். பிற்பாடு வழக்கு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காகிதமெல்லாம் சேர்ந்ததும் நகராட்சி. மனுவை ஆன்லைனிலேயே போடலாம். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டோ மனு எண்ணோ இல்லாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். "மேஜை மேல வெச்சுட்டுப் போங்க, பார்த்துக்கறோம்" என்றால் யாரும் பார்க்கப் போவதில்லை. வரி, தண்ணீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம் எதில் பாக்கி இருந்தாலும் மனு நிற்கும். நீங்கள் கட்டிய தவணையே பாக்கியாகக் காட்டுவதும் உண்டு, அதுவும் கையால் ரசீது எழுதிய காலத்தில் கட்டியதாக இருந்தால். மனுப் போடுவதற்கு முன்பே பாக்கியைப் பார்க்கப் போனபோது அந்த ஆத்தாவுக்கு மஞ்சப்பைதான் உதவியது. அவர் கட்டிய இரண்டு தவணை பாக்கி என்று வந்தது, பையைக் கவிழ்த்துத் தேடி ரசீதை எடுத்து நீட்டினார்.

பெரிய பொறி இன்னொன்று. பேர் மாற்ற மனுப் போட்டதும் பில் கலெக்டர் வீட்டைப் பார்க்க வருவார். வரி விதித்தபோது ஓட்டு வீடு, இப்போது மேலே ஒரு மாடி, பின்னால் நான்கு தறி. அவ்வளவுதான், பேர் மாற்றம் ஓரமாகப் போய்விடும், கூடுதல் கட்டடம் என்ற பேச்சு ஆரம்பிக்கும். அதிலும் தறி ஓடும் இடத்துக்குக் குடியிருப்பு வரி கிடையாது, விகிதமே வேறு. வீடு முழுக்கத் தொழில் கணக்கில் ஏறிவிட்ட கேஸ்கள் என்னிடம் வந்திருக்கின்றன. எவ்வளவு சதுர அடி குடியிருப்பு, எவ்வளவு தறிக்குடோன் என்று நீங்களே டேப் பிடித்து அளந்து, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். மறைத்து வைத்தால் பேரம் பேசுகிறவருக்குத்தான் லாபம்.

"கவுன்சிலர் லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்புகிறார்களே, பேர் மாற்றத்துக்கு என் லெட்டர் தேவையே இல்லை. என்னிடம் அனுப்பிவிட்டால் ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் அதன் பயன். யாராவது அப்படிச் சொன்னால் எந்த விதியில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரமாட்டார்கள். என் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்பதும் வேண்டாம், ஓட்டு வாங்கியது நான்.

மனு நகரவில்லை என்றால் முதல்வர் உதவி மைய எண் 1100-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்வது தகவல் உரிமை மனுதான். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள், "காரணம் கேட்பது தகவல் ஆகாது" என்று திருப்பிவிடுவார்கள். என் மனு எண் இன்னது, எந்தத் தேதியில் யார் மேஜைக்குப் போனது, இப்போது யாரிடம் இருக்கிறது, கோப்புக் குறிப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன்னாலேயே பேர் மாறி வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

வரியில் பேர் மாறிவிட்டால் எல்லாம் மாறிவிட்டதென்று இருந்துவிடாதீர்கள். பட்டா தாசில்தார் ஆபீசில், கரண்ட் மின்வாரியத்தில், தண்ணீர் இணைப்பு நகராட்சியிலேயே வேறொரு மேஜையில். ஒரே கட்டடத்துக்குள் இருந்தாலும் ஒரு மேஜை சொல்வது இன்னொரு மேஜைக்குக் கேட்காது. தறி வைத்திருப்பவர்கள் கரண்டை முதலில் பாருங்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் இருக்கிறது, அந்தச் சலுகை வாங்கும் இணைப்பு இறந்தவர் பேரிலேயே ஓடிக்கொண்டிருப்பது நல்லதில்லை.

ஆத்தாவின் வேலை இன்னும் முடியவில்லை. இறப்புச் சான்றில் இனிஷியல் தப்பாக இருந்து, அதைத் திருத்தவே இரண்டு மாதம் ஓடிவிட்டது. வாரிசு மனு இப்போது வி.ஏ.ஓ.விடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து மணி வரை வீட்டில்தான் இருப்பேன், காகிதத்தைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். ஜெராக்ஸ் போதும். ஒரிஜினல் பத்திரத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், என்னிடமும் வேண்டாம்.