பால் கொடுக்கும் முன் குட்டியின் உடம்புச் சூட்டைப் பாருங்கள்

"குட்டி பால் குடிக்க மாட்டேங்குது, வேற என்ன கொடுக்கலாம்?" கால்நடை மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் போனை எடுத்தால் அடிக்கடி வரும் கேள்வி இது. மாணவர்களும் உடனே எந்தப் பால், எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். சொல்வது தப்பில்லை, படித்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பிறந்து நான்கைந்து நாள்கூட ஆகாத குட்டி என்றால், பாலைப் பற்றிப் பேசும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: குட்டியின் உடம்பு சூடாக இருக்கிறதா?

மாணவச் செவிலியர்களுக்குப் பயிற்சி தருபவள் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். முதல் வாரத்தில் நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. தாயின் வயிறும் கூடப்பிறந்த குட்டிகளும்தான் அவற்றுக்குச் சூடு. அந்த வாரத்தில் நாய்க்குட்டியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 35 முதல் 37 டிகிரி செல்சியஸ். பெரிய நாய்க்கு உள்ள 38, 39 டிகிரிக்கு வந்து சேர நான்கு வாரம் ஆகும். வெப்பம் 35-க்குக் கீழே இறங்கினால் குடல் அசைவு மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் ஊட்டும் பால் செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும், வயிறு உப்பும், மேலே எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும். பசியோடு இருக்கிறதே என்று அன்போடு ஊட்டிய பாலே குட்டியின் உயிரை வாங்கிவிடும். அதனால்தான் முதலில் சூடு, பிறகு பால். இந்த வரிசை மாறவே கூடாது.

போனில் பேசும்போது எல்லோர் வீட்டிலும் தெர்மாமீட்டர் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அப்போது பேச்சு இப்படிப் போகலாம்.

"அம்மா, கையை நல்லா கழுவிட்டு, சுண்டுவிரலைக் குட்டி வாய்க்குள்ள லேசா வைங்க. வெதுவெதுப்பா இருக்கா, சில்லுன்னு இருக்கா?"

"சில்லுன்னுதான் இருக்கு பாப்பா."

"விரலைச் சப்புதா?"

"இல்ல, சும்மாவே கிடக்கு."

"அப்ப வாயில எதுவும் ஊத்தாதீங்கம்மா, தண்ணிகூட வேண்டாம். ஒரு துணியில சுத்தி உங்க நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கிட்டு இப்பவே கிளம்பி வாங்க. நான் டாக்டர்கிட்ட சொல்லி வெக்கிறேன்."

இவ்வளவு போதும். என்ன நோய் என்று மாணவி சொல்லவில்லை, மருந்தும் சொல்லவில்லை. அவை மருத்துவரின் வேலை. ஆனாலும் குட்டி பிழைக்கும் வாய்ப்பு அந்தச் சில கேள்விகளால் கூடியிருக்கிறது. "நாளைக்குக் காலையில எப்படி இருக்குன்னு பாருங்க" என்ற வார்த்தை மட்டும் அந்த வாயிலிருந்து வந்திருக்கக் கூடாது. குட்டி சுருண்டு விழச் சில மணி நேரமே போதும். உடம்பில் சர்க்கரை இருப்பும் குறைவு, நீர் இருப்பும் குறைவு.

சூடேற்றுவதிலும் அவசரம் ஆகாது. குளிர்ந்துபோன குட்டியை ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மெதுவாகத்தான் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபாதிக்கு ஊர்ந்து போய்க்கொள்ளும். முதல் வாரத்தில் குட்டி கிடக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி இருந்தால் நல்லது, பிறகு வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொள்ளலாம். தலைக்கு மேலே பல்பைத் தொங்கவிடுவதும், ஹேர் டிரையரைக் காட்டுவதும் வேண்டாம். தோல் வெந்த குட்டிகளையும், வறண்டுபோன குட்டிகளையும் நாங்கள் நிறையப் பார்க்கிறோம்.

அடுத்தது எடை. குட்டி உள்ள வீட்டில் கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பேன். தினமும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் கழுத்தில் வெவ்வேறு நிற நூலைத் தளர்வாகக் கட்டி, கழுத்து பருக்கப் பருக்க மாற்றச் சொல்லுங்கள். பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருக்கும் பூனைக்குட்டி, நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏறி இரண்டு வாரத்தில் இரட்டிப்பாக வேண்டும். நாய்க்குட்டி தன் எடையில் 5 முதல் 10 சதவீதம் தினமும் ஏறும். முதல் நாளில் கொஞ்சம் இறங்குவது உண்டு. அதற்குப் பிறகு ஒரு நாள் எடை ஏறாமல் நின்றாலே எங்களுக்குப் போன் செய்ய வேண்டும். "நல்லாத்தான் இருக்கு, தூங்கிட்டே இருக்கு" என்று சொல்லப்படும் குட்டி, நோட்டைப் பார்த்தால் இரண்டு நாளாக இறங்கிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாததைத் தராசு காட்டிவிடும்.

இப்போது பாலுக்கு வருவோம். பசும்பாலைத் தண்ணீர் கலந்து கொடுப்பது பரவலான பழக்கம். நாய்ப்பாலில் பசும்பாலைவிடப் புரதமும் கொழுப்பும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலே அதற்கு நீர்த்த பால்தான். அதிலும் தண்ணீர் சேர்த்தால் குட்டி வயிறு நிறைந்தபடியே மெலியும். பசும்பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை அதிகம் என்பதால் கழிச்சலும் சேர்ந்துகொள்ளும். நாய்க்குட்டிக்கென்றும் பூனைக்குட்டிக்கென்றும் தனியாகப் பால் பவுடர் இருக்கிறது. டப்பாவில் எழுதியுள்ள அளவில் கரைத்து, உடல்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, முதல் வாரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, இரவிலும் கொடுக்க வேண்டும். 100 கிராம் குட்டியின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 4 மில்லிதான் கொள்ளும். அதற்கு மேல் திணிக்கக் கூடாது.

எப்படி ஊட்டுவது என்பதை வாயால் சொல்லி அனுப்பினால் போதாது. மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துத்தான் பெரும்பாலோர் ஊட்டுகிறார்கள். குட்டிக்கு அப்படிக் கொடுத்தால் புரையேறும், நுரையீரலில் பால் இறங்கி நிமோனியா வரும். குப்புற, நான்கு காலும் கீழே பட, தாயிடம் குடிக்கும் நிலையிலேயே இருக்க வேண்டும். தலை லேசாக மட்டும் உயர்ந்திருக்கலாம். இதை நீங்கள் ஒரு தடவை செய்து காட்டுங்கள். பிறகு குட்டியை அவர்கள் கையில் கொடுத்து, உங்கள் கண் முன்னாலேயே ஊட்டச் சொல்லுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஊட்டிப் பார்க்கும்போதுதான் சிரிஞ்சை வேகமாக அழுத்துவதும், குட்டியின் கழுத்தைப் பின்னால் வளைப்பதும் தெரியவரும். அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் செலவிட வேண்டிய நேரம். குடிக்கும்போது மூக்கு வழியாகப் பால் வந்தால் அண்ணத்தில் பிளவு இருக்கலாம். உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தாயில்லாக் குட்டி என்றால் இன்னொன்று விட்டுப்போகும். ஏறக்குறைய மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீர், மலம் கழிக்க வராது. தாய் நக்கிவிடுவதால்தான் கழிக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு தடவை பால் கொடுத்ததும் அந்த இடத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் அனுப்பினால், எல்லாம் சரியாகச் செய்தும் வயிறு கல்லாகிப்போன குட்டியோடு திரும்பி வருவார்கள்.

தாயைப் பற்றிக் கேட்க மறக்காதீர்கள். மடி வீங்கிச் சூடாக இருந்தாலும், காம்பைத் தொட்டால் சீறினாலும் குட்டிகள் பட்டினி கிடக்கின்றன என்று அர்த்தம். குட்டி போட்டு இரண்டு மூன்று வாரத்தில், அதுவும் சிறிய இன நாய், மூச்சிரைத்து, நிலைகொள்ளாமல், கைகால் வெட்டி நடுங்கினால் அது கால்சியம் குறைவாக இருக்கலாம். இதற்கு ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாது.

கன்றுக்கு விஷயம் கொஞ்சம் வேறு. பசுவின் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு நோய் எதிர்ப்புப் பொருள் எதுவும் போய்ச் சேராது, சீம்பால் வழியாகத்தான் எல்லாம். அதை உறிஞ்சும் திறன் முதல் சில மணி நேரத்தில் உச்சத்தில் இருந்து, 24 மணி நேரத்தில் நின்றுவிடும். நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு சீம்பால் கொடுக்கலாம் என்று காத்திருப்பவர்களிடம், காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கன்றுக்கு நட்டம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால், முடிந்தவரை சீக்கிரம். தாய் முயலோ நாளுக்கு ஒரு தடவை, அதுவும் சில நிமிடமே பால் கொடுக்கும். குட்டிகளின் வயிறு உருண்டையாக இருந்தால், தாய் கைவிட்டுவிட்டது என்று நினைத்து எடுக்க வேண்டாம் என்று சொன்னாலே போதும்.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நாய்க்கான பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனைக்குட்டிக்குப் போட்டால் வலிப்பு வந்து உயிரே போகலாம். பாராசிட்டமாலும் பூனைக்கு விஷம். "வீட்ல ஏதாவது மருந்து போட்டீங்களா, கொடுத்தீங்களா?" என்று கேட்காமல் எந்தப் பூனைக்குட்டி அழைப்பையும் முடிக்காதீர்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் குரலில் குற்றச்சாட்டு இருக்கக் கூடாது. பயந்தவர்கள் மறைப்பார்கள், மறைத்தால் மருத்துவருக்குத் தகவல் கிடைக்காது. ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பசும்பால் ஊட்டியவரிடம், "இவ்வளவு நேரம் பாத்துக்கிட்டீங்களே, இனிமே இப்படிக் கொடுக்கலாம்" என்று தொடங்கினால் அவர் காதுகொடுத்துக் கேட்பார்.

பிழைத்துத் தேறிய குட்டிகளுக்கு மற்றவை வரிசையாக வரும். நாய்க்குட்டிக்கு இரண்டாவது வாரத்திலேயே குடற்புழு மருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் தாயின் வயிற்றிலிருந்தே புழு வருகிறது. பூனைக்குட்டிக்கு மூன்றாவது வாரம். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை போகும். தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும், அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும் என்பதால்தான் பல தவணை. "ஒண்ணு போட்டாச்சே" என்பவருக்கு இந்தக் காரணத்தைச் சொன்னால் மறுபடி வருவார். ஆள், சத்தம், மற்ற விலங்குகள் எல்லாவற்றுக்கும் நாய்க்குட்டி பழகும் வயது 3 முதல் 12 வாரம், பூனைக்குட்டிக்கு 2 முதல் 7 வாரம். ஊசி முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் அந்த வயது தாண்டிவிடும். தெரியாத நாய்கள் நடமாடும் தரையில் விடாமல், கையில் தூக்கிக்கொண்டு வெளியே காட்டிவரச் சொல்லுங்கள்.

சொன்னது அனைத்தையும் கோப்பில் எழுதி, மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மறுநாள் காலையில் நீங்களே போன் செய்து, இன்றைக்கு எடை எத்தனை கிராம் என்று கேளுங்கள்.