பிரேக் ஆயில் என்கிற தடுப்பு நீர்மம்

பழைய அம்பாசடரின் பானெட்டைத் திறந்து பார்க்கும் மெக்கானிக், "பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கு சார்" என்பார். கடையிலும் அப்படித்தான் கேட்டு வாங்குகிறோம். ஆனால் டப்பாவில் அச்சிட்டிருப்பது பிரேக் ஃப்ளூயிட். உள்ளே இருப்பதும் பெரும்பாலும் எண்ணெய் அல்ல, கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் சார்ந்த கலவை.

ஆயில் என்ற பெயர் ஒரு காலத்தில் பொருந்தித்தான் இருந்தது. ஆமணக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் கலந்துதான் பழைய கார்களின் பிரேக்கில் ஊற்றினார்கள். ஆமாம், நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். பிரேக்குக்குள் கசிவைத் தடுக்கும் அக்காலத்து இயற்கை ரப்பர் கப்புகளை அது கெடுக்காது. பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய் பட்டால் அதே கப்புகள் ஊதிப் பெருத்துவிடும். அதனால்தான் இந்தப் பெயர் எனக்குக் கவலை தருகிறது. ஆயில்தானே என்று நினைத்து பெடலின் அழுத்தத்தை நீர்மத்துக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரில் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால், கப்பு, ஹோஸ் என ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'ஃப்ளூயிட்' என்பதன் வேர் பாய்தலைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல். அதற்கு நேராக நம் பாடநூல்களில் 'பாய்மம்' இருக்கிறது, நல்ல சொல். ஆனால் பாய்மம் என்றால் வாயுவும் அதில் அடங்கும். பிரேக் குழாய்க்குள் வாயு இருக்கவே கூடாது. நீர்மத்தை அமுக்கினால் சுருங்காது, அதனால் காலின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. வாயு சுருங்கிவிடும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஆகவே 'நீர்மம்' என்பதே சரி. பிரேக்குக்கு 'தடை' என்றும் சொல்வதுண்டு. ஆனால் 'தடை நீர்மம்' என்றால் அரசு தடைசெய்த ஏதோ ஒன்று போலக் கேட்கிறது. 'தடுப்பு நீர்மம்' என்பதே என் தேர்வு.

நீர்மம் என்றாலும் இதற்குப் பகை நீர்தான். கிளைக்கால் வகை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பாவில் காணும் டாட் (DOT) என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரக் குறியீடு. அதில் டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் நீர் கலந்த நிலையில் அந்த அளவு 140தான். டாட் 4க்கு இவை 230, 155. மலைப்பாதை இறக்கத்தில் விடாமல் பிரேக் மிதிக்கும்போது நீர்மம் கொதித்து ஆவியானால், பெடல் தரைவரை போகும். வண்டியை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது டாட் 5. இது சிலிக்கோன். ஈரம் இழுக்காது, பெயின்ட்டையும் அரிக்காது. ஷெட்டிலேயே நிற்கும் பழைய கார்களுக்குச் சிலர் இதை விரும்புவது அதனால்தான். ஆனால் கிளைக்காலோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 என்பது பெயரில்தான் இதன் தம்பி, உள்ளே மறுபடியும் கிளைக்கால். எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஆயில் என்ற சொல் உண்மையிலேயே பொருந்தும் கார்களும் உண்டு. பிரெஞ்சுக் காரான சித்ரோயன் டிஎஸ்ஸின் பிந்தைய மாடல்களில் ஓடும் பச்சை நிற எல்எச்எம், கனிம எண்ணெய்தான். அதில் டாட் வகையை ஊற்றினால் ரப்பர் பாகங்கள் போய்விடும்.

மாற்றும் வேலைக்குப் பட்டறைச் சொல் 'ஏர் எடுப்பது'. பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் தொடங்குவார்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தருகே இருக்கும் நிப்பிளை, அதாவது காற்றை வெளியேற்றும் சிறு திருகைத் தளர்த்தி மூடுவார். அதன் பிறகே பெடலை விட வேண்டும். குமிழியில்லாமல் புது நீர்மம் வரும்வரை இதே வேலைதான். நடுவில் மாஸ்டர் சிலிண்டருக்கு மேலுள்ள டப்பா காலியாகிவிடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், காலியானால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். மீந்த நீர்மத்தை மூடி வைத்து அடுத்த வருடம் ஊற்ற வேண்டாம். திறந்த டப்பாவும் ஈரம் குடிக்கும்.