வாசனை மெழுகு மாதிரிகளுக்கு ஏற்ற டப்பா எது?

ஆரஞ்சுத் தோலை மடித்துத் தெர்மாகோல் துண்டின்மேல் பிழிந்தால், துளிகள் பட்ட இடமெல்லாம் குழி விழும். தோலில் உள்ள எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது லிமோனின். தெர்மாகோல் என்பது நுரையாக ஊதப்பட்ட பாலிஸ்டைரீன். லிமோனினில் அது அப்படியே கரைந்துவிடுகிறது. ஜப்பானின் சோனி நிறுவனம் தெர்மாகோல் கழிவை மறுசுழற்சி செய்ய 1990களில் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டது.

வாசனை மெழுகுவர்த்தி செய்கிறவர்களுக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள செய்தி. எலுமிச்சை, ஆரஞ்சு மட்டுமல்லாமல் பல பழ, மூலிகை நறுமணக் கலவைகளிலும் லிமோனின் இருக்கிறது. கடையில் கிடைக்கும் பளபளப்பான, கண்ணாடி போன்ற சிறு கப்புகளில் பலவும் பாலிஸ்டைரீனால் ஆனவை. வாடிக்கையாளர் முகர்ந்து பார்ப்பதற்கென்று கொஞ்சம் மெழுகை அவற்றில் ஊற்றி மூடி வைத்தால், சில நாட்களில் அடிப்பாகத்தில் மெல்லிய வெடிப்புகள் ஓடும், சுவர் மங்கும், மூடி நெளியும். சூடாக ஊற்றியதுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி எண்ணெய்தான்.

பாலிஸ்டைரீனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்கின்றிப் பின்னிக் கிடக்கின்றன. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அவை அசையாமல் உறைந்திருப்பதால் கப் விறைப்பாக இருக்கிறது. எண்ணெயின் சிறு மூலக்கூறுகள் நடுவே நுழைந்தால் சங்கிலிகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. இளகும் வெப்பநிலை மளமளவென்று கீழே இறங்குகிறது. போதுமான எண்ணெய் உள்ளே போய்விட்டால் அறை வெப்பநிலையிலேயே கப் இளகிவிடும். அதற்கு முன்பே வெடிப்பு வருவதற்கு வேறொரு காரணம் உண்டு. அச்சில் வேகமாக வார்க்கப்பட்ட கப்பின் சுவருக்குள் இழுவிசை தேங்கி நிற்கிறது. எண்ணெய் சற்றே தளர்த்தியதும் அந்த விசை சுவரைப் பிளந்துவிடுகிறது.

மெழுகில் 6 முதல் 10 சதவீதம் வரைதானே எண்ணெய் சேர்க்கிறோம், அது என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். உறைந்த மெழுகு முழுக்கத் திடமான கட்டி அன்று. அதன் நுண்படிகங்களுக்கு இடையே எண்ணெய் திரவமாகவே தங்கி, மெல்ல நகர்கிறது. வெயில் நாட்களில் மெழுகின் மேல் வியர்வை போல எண்ணெய் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே பூப்பது போலவே பக்கவாட்டில் சுவரையும் அது தொட்டுக்கொண்டேயிருக்கிறது. சோயா மெழுகு மணம் பிடித்து நிலைக்க ஒன்றிரண்டு வாரம் வைத்திருப்பது வழக்கம். எண்ணெய்க்கு அந்த அவகாசம் போதும்.

டப்பாவின் அடியைத் திருப்பிப் பார்த்தால் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறை சங்கம் மறுசுழற்சிக்காகக் கொண்டுவந்த குறி அது. 6 என்றால் பாலிஸ்டைரீன்; மெழுகுக்கு வேண்டாம். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். ஓட்டல் பார்சலில் சாம்பார் வரும் டப்பாக்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

பாலிப்ரொப்பிலீன் ஏன் தாக்குப்பிடிக்கிறது என்பது சுவையான விஷயம். வேதியியல் இயல்பில் அது லிமோனினுக்கு அந்நியமானதே அன்று. இரண்டும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டவை. ‘ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்’ என்ற விதிப்படி கரைந்திருக்க வேண்டும். ஆனால் பாலிப்ரொப்பிலீன் சங்கிலிகளின் பெரும்பகுதி வரிசையாக மடிந்து படிகங்களாகப் பூட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பூட்டு திறக்க 160 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். ஆகவே சுவர் கரைவதில்லை. மெழுகை 80 டிகிரியில் ஊற்றினாலும் வடிவம் பெரிதாக மாறுவதில்லை. மெழுகு அதில் அழுத்தமாக ஒட்டாது என்பதால், திரியில்லாத வாசனை மெழுகுத் துண்டுகளை ஓர் அழுத்தில் வெளியே தள்ளிவிடலாம். மாதிரி கொடுக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி.

ஆனாலும் படிகங்களுக்கு இடையே தளர்வான பகுதிகள் மிச்சமிருக்கின்றன. எண்ணெய் அங்கே புகுந்து தங்கும். ஊறுகாய் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் வாசம் போகாததற்கும் இதுவே காரணம். மாதிரிகளைப் பொறுத்தவரை நான் மிக முக்கியமாகக் கருதுவது இந்தக் கட்டத்தைத்தான். டப்பா உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். மணத்தைக் குடித்தால் தெரியாது. அது எல்லா மணத்தையும் ஒரே அளவில் குடிப்பதும் இல்லை. லிமோனினின் மூலக்கூறு எடை 136, வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினுடையது 152, பெரிய வித்தியாசமில்லை. ஆனால் வெனிலினில் ஆக்சிஜன் அணுக்கள் இருப்பதால் அதற்கு மின்முனைத் தன்மை அதிகம். பாலிப்ரொப்பிலீனுக்குள் போக அது அவ்வளவாக விரும்பாது. ஆக, ஆரஞ்சும் வெனிலாவும் கலந்த மெழுகு சில வாரங்கள் கழித்து வெனிலா பக்கம் சாய்ந்து நிற்கும். வாடிக்கையாளர் அந்த மாதிரியை முகர்ந்து பிடித்துப்போய் வாங்கும் புது மெழுகுவர்த்தி வேறு மணம் வீசும். இதை நேர்மை சார்ந்த விஷயமாகவே நான் பார்க்கிறேன். பழச்சாறு அட்டைப்பெட்டிகளின் உட்பூச்சான பாலிஎத்திலீன் ஆரஞ்சு மணத்தை உறிஞ்சிக்கொள்வது உணவுத் துறையினர் நெடுங்காலமாக அறிந்த சிக்கல்.

எண் 1, பெட். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக். மணத்தை அடைத்து வைப்பதில் பாலிப்ரொப்பிலீனைவிடப் பல மடங்கு மேல்; பார்க்கவும் தெளிவாக இருக்கும். ஆனால் 70 முதல் 80 டிகிரிக்குள் இளகிவிடும். எண்ணெய் கலந்த சூட்டோடு சூடாக ஊற்றினால் கோணிப்போகும். மெழுகை 60 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு ஊற்றுகிறவர்களுக்கு மட்டும் அது சரிவரும்.

ஜிப் வைத்த பாலிதீன் பைகளை நம்ப வேண்டாம். அவற்றின் வழியாக மணம் தாராளமாக வெளியேறும். பத்து வகை மாதிரிகளைத் தனித்தனிப் பையில் போட்டு ஒரே அட்டைப்பெட்டியில் அடைத்தால், வேப்பிலையும் ரோஜாவும் ஒரே வாசம் அடிக்கும். அலுமினியத் தாள் ஒட்டிய பைகள் இதைத் தடுக்கின்றன.

மாதங்கள் கடந்தும் மணம் மாறாமல் வைக்க வேண்டியவற்றுக்கு, உதாரணமாக ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் எடுத்து வைக்கும் ஒப்பீட்டு மாதிரிகளுக்கு, கண்ணாடிக் குப்பிதான் சரி. கண்ணாடி வழியாக எதுவும் புகாது. மூடியைக் கவனிக்க வேண்டும்: உள்ளே வைத்திருக்கும் நுரை வட்டு பாலிஎத்திலீனாக இருந்தால், சுவர் செய்யாததை அது செய்துவிடும். வெனிலின் உள்ள மெழுகு வெளிச்சத்தில் பழுப்பாகும் என்பதால் குப்பியை அலமாரிக்குள் வைப்பது நல்லது.

திரி வைத்த மாதிரி என்றால் எந்த எண் கொண்ட பிளாஸ்டிக்கும் கூடாது. கண்ணாடி அல்லது உலோகம் மட்டுமே. திரி தீரும் தறுவாயில் தீ சுவரையோ அடியையோ தொட்டால், பாலிப்ரொப்பிலீனும் உருகி எரியும்.

புதிதாக ஒரு டப்பா வகையை மொத்தமாக வாங்கும் முன் எளிய சோதனை ஒன்று போதும். நறுமண எண்ணெயை மெழுகு கலக்காமல் ஒரு சொட்டு டப்பாவின் உட்புறத்திலும் ஒரு சொட்டு மூடியிலும் விட்டு, ஒரு நாள் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மங்கியிருந்தாலோ பிசுபிசுத்தாலோ அந்த வகை வேண்டாம். தாண்டிவிட்டால், மெழுகு ஊற்றி மூடி, நகைக்கடையில் பயன்படுத்துவது போன்ற சிறிய மின்னணுத் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். அதே தொகுதி மெழுகைக் கண்ணாடிக் குப்பி ஒன்றிலும் ஊற்றி வையுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் மணம் டப்பாவை விட்டு வெளியேறுகிறது. எடை அப்படியே இருந்தும் குப்பியில் உள்ளதைவிட மணம் மாறியிருந்தால், டப்பாவின் சுவர் அதைக் குடித்துவிட்டது.