ஓசி பிளான் போட்டால் வேலை வருமா?

புதிதாக ஆபீஸ் போடும் சிவில் இன்ஜினியர் தம்பிகள் பலரும், வருகிறவருக்கெல்லாம் பிளானும் எலிவேஷனும் (வீட்டின் முகப்புப் படம்) இலவசமாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். பார்ட்டி அதை வாட்ஸ்அப்பில் நாலு மேஸ்திரிக்கு அனுப்பி, சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறைத்துச் சொன்னவரிடம் வேலையைக் கொடுத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? சும்மா கிடைத்ததற்கு யார்தான் மதிப்புக் கொடுப்பார்கள்! ஆர்க்கிடெக்டுகளுக்கு இதற்கென்று விதியே இருக்கிறது. முறைப்படி நடக்கும் டிசைன் போட்டி தவிர, சக ஆர்க்கிடெக்டுகளோடு போட்டி போட்டு இலவசமாகவோ கட்டணத்தைக் குறைத்தோ டிசைன் செய்யக் கூடாது என்கின்றன அவர்களுடைய 1989 தொழில் நடத்தை விதிமுறைகள். நமக்கு அப்படி ஒரு கடிவாளம் இல்லை.

அப்புறம் இந்த சதுர அடி ரேட். இரண்டு பேர் ஒரே ரேட் சொல்வார்கள். ஒருவர் கணக்கில் சம்ப், செப்டிக் டேங்க் எல்லாம் அடக்கம், இன்னொருவர் கணக்கில் அவை தனி. டைல்ஸ் எந்த விலை வரை, கம்பி எந்த கம்பெனி, காம்பவுண்டு சேருமா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள், குறைந்த ரேட் சொன்னவரிடம் போய் பார்ட்டியே அதே கேள்விகளைக் கேட்பார்.

ஆனால் உண்மையில் வேலை கொண்டுவருவது ஏற்கனவே கட்டிக் கொடுத்த வீடுதான். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும், கூப்பிடாமலே அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். மொட்டை மாடியில் பதித்த தட்டோடுகளின் இணைப்பு விட்டிருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா, பாத்ரூமுக்கு வெளிப்பக்கச் சுவரில் ஈரம் பூத்திருக்கிறதா, பீமும் செங்கல்லும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் ஓடியிருக்கிறதா (அங்கே சிக்கன் மெஷ் என்கிற கம்பி வலை வைக்காமல் பூசியிருந்தால் பெரும்பாலும் ஓடியிருக்கும்) என்று பாருங்கள். பல நேரம் ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலைதான். அதைச் செய்து கொடுத்தால் வீட்டுக்காரர் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். போனை எடுக்காமல் விட்டாலும் சொல்வார், இன்னும் சத்தமாக.

அப்பார்ட்மென்ட் கட்டி விற்பவர்களுக்கு ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 14-ஆவது பிரிவு, ஒப்படைத்த 5 வருடத்துக்குள் தெரிவிக்கப்படும் கட்டுமானக் குறையை 30 நாளில் இலவசமாகச் சரிசெய்யச் சொல்கிறது. அடுத்தவர் மனையில் தனி வீடு கட்டித் தருகிற நமக்கு அது நேரடியாகப் பொருந்தாது. சரி, ஒரு வருடத்துக்காவது பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் நாமே எழுதலாமே, யார் தடுத்தார்கள்?

புதிய பார்ட்டியிடம் ட்ரோன் வீடியோ காட்டுவதைவிட, பழைய வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அங்கே கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். நீங்கள் உள்ளே உட்கார வேண்டாம். அங்கே புதிய பார்ட்டி கேட்பது பெரும்பாலும் டிசைனைப் பற்றியே இருக்காது. சொன்ன தேதிக்கு முடித்தாரா, நடுவில் எக்ஸ்ட்ரா என்று எவ்வளவு வாங்கினார், இந்த இரண்டும்தான்.