கைவேலையின் அடக்க விலையில் கூலி எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி என் மேசையின் மீது இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று, குரோஷே ஊசியால் அவரே பின்னிய முயல் பொம்மை; மற்றொன்று, ஓரங்கள் மடங்கிப்போன கோடு போட்ட நோட்டுப் புத்தகம். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்தத் தையலிலும் நூல் முனை வெளியே தெரியவில்லை. இரண்டு காதுகளும் ஒரே அளவில் இருந்தன. உள்ளே அடைத்த பஞ்சு எங்கும் திரளவில்லை. நோட்டுப் புத்தகத்தில் பதினோரு மாதங்களில் இணையம் வழியாக வந்த 214 ஆர்டர்களும் தேதி வாரியாக எழுதப்பட்டிருந்தன. "இத்தனை விற்ற பிறகும் அடுத்த நூல் கட்டு வாங்க என் சேமிப்பிலிருந்துதான் எடுக்கிறேன், சார். எங்கே தவறு செய்கிறேன் என்று எனக்கே புரியவில்லை" என்றார்.

சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதித் தருவது என் பணி. மெழுகுவர்த்தி வார்ப்பவர், சோப்பு காய்ச்சுபவர், களிமண்ணில் காதணி செய்பவர், துணிப்பை தைப்பவர் எனக் கைவேலையை இணையத்தில் விற்க முனைந்த பலருடைய புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நான் கண்ட குறை பெரும்பாலும் ஒன்றுதான்: மூலப்பொருளின் விலையை அடக்க விலை என்று நினைத்துக்கொள்கிறார்கள், தம் கை உழைத்த நேரத்துக்கு ஒரு வரியும் எழுதுவதில்லை. ஆலையில் செய்த பொருளில் கூலி ஒரு சிறு பகுதி. கையால் செய்த பொருளில் கூலிதான் பொருளின் பெரும்பகுதி. அதை விட்டுவிட்டு விலை வைத்தால், ஆர்டர் பெருகப் பெருக உழைப்பு மட்டுமே பெருகும்.

ஒரு பொம்மைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டேன். மூன்று மணி நேரம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை; பின்னும் நேரத்தை மட்டும், அதுவும் தடையில்லாமல் பின்னிய ஒரு நல்ல நாளை நினைவில் வைத்துச் சொன்னார். அடுத்த பொம்மையைத் தொடங்கும்போது கைப்பேசியின் நிறுத்தற்கடிகாரத்தை இயக்கி, ஒவ்வொரு வேலையையும் தனித்தனியே குறித்து வரச் சொன்னேன். பின்னலுக்கு 4 மணி 10 நிமிடம். கை, கால், காதுகளை உடலோடு சேர்த்துத் தைத்து முகம் அமைக்க 1 மணி 30 நிமிடம். பஞ்சு அடைக்க 25 நிமிடம், நூல் முனைகளை உள்ளே செலுத்தி மறைக்க 20 நிமிடம். நிறம், அளவு பற்றி வாங்குபவர் கேட்ட கேள்விகளுக்கு விடை எழுத 35 நிமிடம். பெட்டியில் வைத்து, முகவரி ஒட்டி, கூரியரில் சேர்க்க 40 நிமிடம். ஆக மொத்தம் 7 மணி 40 நிமிடம். அந்தத் தாளை அவரே கூட்டிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அதன் பிறகு விற்பனை விலையை 100 என்று வைத்துக்கொண்டு, அது எங்கெங்கே போகிறது என்று எழுதினோம். எந்த நாணயத்தில் விற்பவரும் இந்த முறையில் எழுதிப் பார்க்கலாம். நூல், பஞ்சு, கண்கள், பெயர்ச்சீட்டு ஆகியவற்றுக்கு 22. பெட்டிக்கும் உள் காகிதத்துக்கும் 6. அனுப்பும் செலவு இலவசம் என்று அறிவித்திருந்ததால் அதற்கு 18. விற்பனைத் தளத்தின் கட்டணம் 6.5, பணப் பரிமாற்றக் கட்டணம் 4, சேதமாகித் திரும்பி வந்தவற்றுக்கும் மறுபடி செய்து அனுப்பியவற்றுக்கும் சராசரியாக 3. இவற்றைக் கூட்டினால் 59.5 ஆகிறது, மீதி 40.5. அதை 7 மணி 40 நிமிடத்தால் வகுத்தால், ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைப்பது ஐந்தேகால் அளவுதான். அவர் மனத்தில் வைத்திருந்த கணக்கோ, நூறில் மூலப்பொருளுக்கு 22 போக 78, அதை மூன்று மணி நேரத்தால் வகுத்து மணிக்கு 26. நினைத்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் அவர் கைக்கு வந்துகொண்டிருந்தது.

தளக் கட்டணத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கைவினைப் பொருள்களுக்கென 2005-இல் தொடங்கப்பட்ட எட்சி என்ற இணையச் சந்தை, 2022 ஏப்ரலில் தன் விற்பனைக் கட்டணத்தை 5 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியது. அந்தக் கட்டணம் பொருளின் விலைக்கு மட்டுமல்லாமல், வாங்குபவரிடம் பெறும் அனுப்புகைச் செலவுக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. வெளித்தளங்களில் அது செய்யும் விளம்பரத்தின் வழியாக ஓர் ஆர்டர் வந்தால், சிறு விற்பனையாளரிடம் அந்த ஆர்டருக்கு மேலும் 15 விழுக்காடு பிடிக்கப்படும். அமேசான் கைவினைப் பொருள்களுக்காக 2015-இல் தொடங்கிய ஹேண்ட்மேட் பிரிவில், ஒவ்வொரு விற்பனையிலும் தளம் எடுத்துக்கொள்ளும் பரிந்துரைக் கட்டணம் 15 விழுக்காடு. தளம் நடத்த அவர்களுக்கும் செலவு உண்டு. ஆகவே இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கட்டணப் பக்கத்தைக் கடைசி வரி வரை படிக்காமல் விலை வைப்பவரை ஆண்டின் இறுதியில்தான் அது கையைக் கடிக்கும். மேலே எழுதிய கணக்கில் ஒரு விளம்பர ஆர்டரைச் சேர்த்தால் 40.5 என்பது 25.5 ஆகிவிடுகிறது.

தள்ளுபடியும் இப்படித்தான். "20 விழுக்காடுதானே குறைக்கிறேன்" என்று பலரும் சொல்கிறார்கள். விலை 80 ஆகும்போது தளக் கட்டணமும் பரிமாற்றக் கட்டணமும் சிறிது குறையும். நூலும் பெட்டியும் கூரியரும் ஒரு காசு குறையா. அந்தப் பெண்மணியின் கணக்கில் 80-க்கு விற்றபோது கைக்கு நின்றது 22.6. அதாவது விலையில் 20 விழுக்காடு குறைத்தபோது கூலியில் 44 விழுக்காடு போய்விட்டது. தள்ளுபடி அறிவிப்பதற்கு முன் இந்த ஒரு கணக்கை மட்டுமாவது போட்டுப் பாருங்கள் என்று என்னிடம் வருகிற எல்லோரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடக்க விலையின் மேல் 40 விழுக்காடு ஏற்றுவதும், விற்பனை விலையில் 40 விழுக்காடு மிஞ்சுவதும் ஒன்றல்ல. 60 அடக்கத்தின் மேல் 40 விழுக்காடு ஏற்றினால் விலை 84. அதில் மிஞ்சுவது 24, அதாவது 28.6 விழுக்காடு மட்டுமே. கடைக்காரர்களுக்கு மொத்த விலையில் கொடுக்க விரும்புவோர் மேலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பரிசுப் பொருள் கடைகள் பொதுவாகச் சில்லறை விலையில் பாதிக்குத்தான் வாங்கும். கூலியைச் சேர்க்காமல் இணையத்தில் மலிவாக ஒரு விலையை அறிவித்துவிட்டால், நாளை ஒரு கடை ஐம்பது பொம்மை கேட்டு வரும்போது கொடுப்பதற்கு விலையே இராது.

பார்சலின் எடையில் பலர் ஏமாறுகிறார்கள். கூரியர் நிறுவனங்கள் தராசு காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பன்னாட்டு விரைவுச் சேவைகளில் பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வரும் கிலோவை உண்மையான எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பணம் கேட்கிறார்கள். அந்த முயல் பொம்மை 400 கிராம் கூட இல்லை. அது போன பெட்டியோ 30, 25, 20 சென்டிமீட்டர். கணக்கிட்டால் 3 கிலோ. காதுகளை மடித்து 25, 18, 14 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்துப் பார்த்தோம்; ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல் வந்தது. புதிய பொருளை வடிவமைக்கும்போதே அது எந்தப் பெட்டியில் போகும் என்று யோசிப்பது நல்லது.

வாரத்துக்கு 35 மணி நேரம் ஒருவர் இதற்கு ஒதுக்க முடிந்தால், 7 மணி 40 நிமிடம் ஆகும் பொம்மையில் நான்கைந்துதான் செய்ய முடியும். பரிசுப் பருவத்தில் ஒரே வாரத்தில் பதினொரு ஆர்டர்களை ஏற்றுக்கொண்டு, இரவெல்லாம் கண் விழித்துப் பின்னி, மணிக்கட்டு வலியோடு அவர் மருத்துவரிடம் போன கதையும் அந்த நோட்டிலேயே இருந்தது. மூன்று வாரங்களுக்கு ஒரு வரியும் எழுதப்படாத வெற்றுப் பக்கம் அது. குரோஷே பின்னலை அப்படியே செய்து தரும் இயந்திரம் இன்றுவரை பரவலாக இல்லை என்பதால், அந்தத் தொழிலில் இருப்பவருக்குக் கையே இயந்திரம், அதற்கு ஓய்வு கொடுப்பதும் செலவுக் கணக்கில் வர வேண்டியதே. ஆகவே கடைப் பக்கத்தில் "கையிருப்பு" என்ற இடத்தில் மனம் போனபடி எண்ணை இடாமல், செய்து அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்பதைத் தெளிவாக எழுதி, வாரத்துக்கு எத்தனை ஆர்டர் என்ற வரம்பை வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் பின்னித் தருவது, கேட்ட நிறத்தில் செய்வது போன்ற தனி ஆர்டர்களுக்கு முன்பணம் வாங்காமல் ஊசியைத் தொடாதீர்கள். ஒருவருடைய பெயர் பின்னிய பொம்மையை வேறு யாரும் வாங்க மாட்டார்கள்.

முதலீடு எத்தனை நாள் முடங்கிக் கிடக்கும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். காய்ச்சாமல், குளிர்முறையில் செய்த சோப்பை வார்த்தவுடன் விற்க முடியாது. பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் அலமாரியில் உலர்ந்து பதமாக வேண்டும். எண்ணெய்க்குக் கொடுத்த பணம் அதுவரை அலமாரியில்தான் இருக்கும். நூலிலோ சிக்கல் வேறு விதம்: ஒரே நிற எண் உடைய நூலாக இருந்தாலும், சாயம் ஏற்றிய தொகுதி மாறினால் நிறத்தில் சிறு வேறுபாடு தெரியும். பாதிப் போர்வை முடிந்த பிறகு நூல் தீர்ந்து, வேறு தொகுதியில் வாங்கிச் சேர்த்தவர்கள் அதை அவிழ்த்துப் பின்ன வேண்டியிருந்திருக்கிறது. ஒரு பொருளுக்குத் தேவையான நூலை ஒரே தொகுதியில் வாங்குங்கள். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஓர் ஆண்டுக்கான நூலை வாங்கிக் குவிக்காதீர்கள்.

சட்டப் பக்கத்தைப் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். வீட்டில் செய்த பொருள் என்பதால் விதிகள் விலகிக்கொள்வதில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான பொம்மையிலிருந்து கழன்று வரும் எந்தப் பாகமும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுமையாக அடங்கிவிடக் கூடாது என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடைமுறையில் உள்ள அளவுகோல். குழந்தையின் தொண்டையில் சிக்கக் கூடிய அளவு அது. அதனால்தான் அந்தப் பெண்மணியிடம் பிளாஸ்டிக் கண்களை விட்டுவிட்டு நூலாலேயே கண்களைத் தைக்கச் சொன்னேன். தோலோடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் நகைகளில் நிக்கல் எவ்வளவு கசியலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு உண்டு. அங்கே சோப்பு அழகுப் பொருளாகக் கருதப்படுவதால் பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டும். இணையத்தில் விற்றால் அங்குள்ள வாங்குபவருக்கு 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரும் உரிமையை 2011-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை நெறிமுறை அளிக்கிறது. வாங்குபவர் சொன்னபடி அவருக்கென்றே செய்த பொருளுக்கு அந்த உரிமை இல்லை. எந்த நாட்டுக்கு அனுப்புகிறீர்களோ அந்த நாட்டின் விதியை முதல் பார்சலுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். புகழ்பெற்ற கார்ட்டூன் பாத்திரங்களைப் பின்னி விற்பதும், பிறர் வடிவமைத்த பின்னல் குறிப்பை வைத்து அனுமதியின்றிச் செய்து விற்பதும் உங்கள் கடைப் பக்கத்தையே ஒரே நாளில் மூட வைக்கக்கூடும்.

வரிப் பதிவுக்கான விற்றுமுதல் வரம்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். அதை உங்கள் ஊர்க் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளலாம். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு முதல் நாளிலேயே வேண்டும், அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீட்டுச் செலவும் நூல் செலவும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், பதினோரு மாதம் கழித்து எந்தக் கணக்காளராலும் அதை முழுமையாகப் பிரித்தெடுக்க முடியாது.

அந்தப் பெண்மணி கடையை மூடவில்லை. கால்களையும் உடலையும் ஒரே தொடர்ச்சியாகப் பின்னும்படி வடிவத்தை மாற்றினார். தைக்கும் வேலை பாதிக்கு மேல் குறைந்தது, பின்னும் நேரமும் சுருங்கியது. அடிக்கடி வரும் கேள்விகளுக்கான விடைகளைப் பொருளின் பக்கத்திலேயே எழுதி வைத்தார். 7 மணி 40 நிமிடம் என்பது 5 மணி 20 நிமிடமாயிற்று. பெட்டியைச் சுருக்கி, அனுப்பும் செலவைத் தனியாகக் காட்டி, 100 என்ற விலையை 140 ஆக்கினார். முதல் இரண்டு மாதம் ஆர்டர்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தபோது பயந்துபோய் என்னை அழைத்தார். புதிய கணக்கை மறுபடி போட்டுக் காட்டினேன்: ஒரு மணி நேர உழைப்புக்கு ஐந்தேகால் நின்ற இடத்தில் இப்போது பதினெட்டுக்கு அருகில் நிற்கிறது. பாதிப் பொம்மைகளைப் பின்னி, முன்பைவிட அதிகமாக வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். அண்மையில் கொண்டு வந்த நோட்டில் தேதிக்கு அடுத்த கட்டத்தில் "நேரம்" என்று எழுதிக் கோடு போட்டிருந்தார். நூலின் விலை அதற்கு அடுத்த கட்டத்தில் இருந்தது.